எந்தப் பாண்டெலி?

எங்கள் தெருவில் இரண்டு பாண்டெலிகள். ஒருவன் என் மகன். இன்னொருவன் எதிர்வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி செவஸ்தியின் மகன். இதில் யாருக்குச் சேர வேண்டிய பெயர் இது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள். என்னைக் கேட்டால் நான் சொல்வேன்.

எங்கள் தீவில் முறை என்ன? மூத்தவனுக்குப் பிறக்கிற முதல் பையனுக்குத்தான் தாத்தா பெயர். என் கணவர் நிகீதாஸ் மூத்தவர். தெமிஸ் அவருடைய தம்பி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை தங்கவில்லை. தெமிஸ் செவஸ்தியைக் கட்டிக்கொண்டு வந்தான், வந்த சூட்டோடு சூடாக அவளுக்குப் பையன் பிறந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஞானஸ்நானத் தொட்டியில் முக்கியெடுத்து மாமனார் பெயரை வைத்துவிட்டார்கள். 'இவளுக்கு எங்கே பிறக்கப்போகிறது' என்று நினைத்துத்தானே வைத்தார்கள்? மறுவருடமே நான் பெற்றேன். சாமியார் "என்ன பேரு?" என்று கேட்டபோது, கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன், "பாண்டெலி!"

ஊர்க்காரர்கள் 'நிகீதாஸ் பாண்டெலி', 'தெமிஸ் பாண்டெலி' என்று பிரித்துச் சொல்வார்கள். நானும் செவஸ்தியும் மட்டும் அப்படிச் சொல்லவே மாட்டோம். என் பிள்ளை பெயருக்கு முன்னால் ஒட்டு எதற்கு? பாண்டெலி என்றால் அவன்தான். அவளுக்கும் அதே திமிர்.

பிள்ளைகளுக்கு இந்த மானரோஷம் எதுவும் கிடையாது. ஒருவனுக்கு ஐந்து வயது, என்னுடையவனுக்கு நான்கு. விடிந்தால் இருவரும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு திரிவார்கள். ஒரே மாதிரிச் சுருட்டை முடி, ஒரே மாதிரி கறுத்த முழங்கால். பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே சில சமயம் குழம்பும்.

ஆகஸ்ட் மாதம். நிகீதாஸ் கப்பலில் வேலைக்குப் போயிருந்தார், சீசன் முடிகிற வரை வரமாட்டார். மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருந்தேன். விரிப்பு மாற்றுவதும் துவைப்பதுமாக இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. அன்று காலை வாசலில் இருந்த ஜெரேனியம் பூந்தொட்டியைப் பந்தால் உடைத்தார்கள். அடித்தது செவஸ்தி மகன். நான் விளக்குமாற்றோடு வந்தேன்.

"ஏன்டா, உங்க வீட்ல தொட்டியே இல்லியா உடைக்க? கை ரெண்டையும் ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன் இரு!"

அவன் அழவில்லை. என்னையே முழித்துப் பார்த்துக்கொண்டு பின்னால் போனான். எதிர்ஜன்னல் திறந்தது.

"ஒரு தொட்டிதானேக்கா. புதுசா வாங்கித் தந்துடறேன், எம்புள்ள கையை மட்டும் விட்டுடுங்க" என்றாள் செவஸ்தி. அவள் 'அக்கா' என்று சொல்வதே ஒரு குத்தல்தான்.

"வாங்கிக் குடுக்கறதெல்லாம் எப்போ பழகினீங்க? கேக்காம எடுத்துக்கறதுதானே உங்க வீட்டு வழக்கம்."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நல்ல அடி அடித்தோம் என்று எனக்கு ஒரே திருப்தி.

மத்தியானம் பொடிமீன் பொரித்து, தக்காளியும் ரொட்டியுமாகப் பிள்ளைக்கு ஊட்டிப் படுக்கவைத்தேன். அந்த வேளையில் எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்காது. யாராவது வாய்விட்டுப் பேசினால் நாலு ஜன்னலிலிருந்து வசவு வரும். வடகாற்று மட்டும் யாருக்கும் அடங்காமல் சந்துக்குள் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி. செருப்பும் இல்லை. எனக்குப் பயமே வரவில்லை. எங்கே போவான்? எதிர்வீட்டுக்குத்தான் போயிருப்பான். போய்க் கூட்டிவரலாம் என்று எழுந்தவள், காலையில் பேசிய பேச்சுக்கு அவள் வாசல்படியில் போய் நிற்பதா என்று உட்கார்ந்துவிட்டேன். தெருவைத் தாண்டிக் கத்தவும் முடியாது, ஊர் தூங்குகிறது. போன் போட்டேன்.

"பாண்டெலி அங்கயா?"

"இங்கதான். தூங்குறான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டேன். அவளும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நிதானமாகக் காப்பி போட்டுக் குடித்தேன். விரிப்புகளைக் கொடியில் போட்டேன். காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, கிளிப்பைக் கூட்டிக் கூட்டி மாட்டினேன். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

தெருவில் ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற நேரம், எதிர்வீட்டிலிருந்து அவள் மகன் வெளியே வந்தான். கையில் தேன் தடவிய ரொட்டி, கன்னத்தில் தலையணை மடிப்பு. அவன் மட்டும்தான் வந்தான்.

"உன் தம்பி எங்கடா?"

அவன் தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விடுவிடென்று உள்ளே ஓடிவிட்டான். செவஸ்தி வந்தாள்.

"இன்னும் தொட்டிக் கதை முடியலியா?"

"தொட்டி கிடக்கட்டும். என் புள்ளைய எழுப்பி அனுப்பு."

"உங்க புள்ளையா? அவன் எங்க இங்க இருக்கான்?"

"நீதானேடி சொன்னே, பாண்டெலி இங்கதான் தூங்குறான்னு!"

"நான் என் பாண்டெலியச் சொன்னேன். நீங்க அவனைத்தானே கேட்டீங்க? தொட்டிக்குத் திட்டத்தான் போன் பண்றீங்கன்னு நெனச்சு..."

அவள் பாதியில் நிறுத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். என் காப்பி, என் விரிப்புகள், என் கிளிப்புகள்! அத்தனை நேரமும் பிள்ளை எங்கேயோ இருந்திருக்கிறான், நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலடி, அலமாரி, மாடி. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நண்டு பிடிக்கிற சின்ன வலை இல்லை.

"கடலுக்குப் போயிட்டான்!" என்று நான் கத்தின கத்தலுக்கு, செவஸ்தி தன் மகனை வாசல் நாற்காலியில் தூக்கி வைத்து, "அசையாம உக்காந்திரு, நகந்தே கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டுக் காலில் செருப்புகூட இல்லாமல் எனக்கு முன்னால் படியிறங்கினாள். கல்படி நெடுகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினோம். இரண்டு பேர் வாயிலும் ஒரே பெயர்.

துறையில் தெமிஸின் மீன் சாப்பாட்டுக் கடை. அவன் சாயங்காலத்துக்கு மேஜைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே போட்டான்.

"என்ன அண்ணி?"

"புள்ளையக் காணோம் தெமிஸ். வலையை எடுத்துட்டுப் போயிருக்கான்."

"எவ்வளவு நேரமா?"

படகை எடு என்று நான் கையைக் காட்டினேன். அவன் மேலே கேட்காமல் தன் படகின் கயிற்றை அவிழ்த்தான். எங்கள் துறை தெற்கே திறந்திருக்கிறது. வடகாற்று அடித்தால் தண்ணீரில் விழுந்த எதையும் வாரிக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். கரையோரம் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சீறும். தெமிஸ் அங்கேதான் போனான்.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. யார் போய்ச் சொன்னார்களோ. ஊரே இறங்கி வந்தது. துறைமுகக் காவலன் இளவயதுக்காரன், தொப்பியைக்கூட மறந்து ஓடிவந்தான். பெரிய தீவிலிருந்து ரோந்துப் படகைக் கூப்பிடுகிறேன், ஆனால் இந்தக் காற்றில் வர நேரமாகும் என்றான். துறையில் கட்டியிருந்த ஒவ்வொரு படகுக்கும் இடையில் நான் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், அடியில் கல், ஒரு பழைய டயர். ஒவ்வொரு முறையும் பார்க்காதே பார்க்காதே என்று ஒரு மனது, பார் பார் என்று ஒரு மனது. மாதாவே, எனக்கு இந்த ஒன்றுதானே இருக்கிறது என்று சத்தமாகவே அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

அப்போதுதான் துறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

"பாண்டெலி கிடைச்சுட்டான்! பாண்டெலி கிடைச்சுட்டான்!"

ஒரு வாய் சொன்னதை இன்னொரு வாய் வாங்கிக் கத்தியது. மணி நின்றது. தெமிஸ் கடைப் பையன்கள் இரண்டு பேர் மேஜைவிரிப்பை உருவி, அலைத்தடுப்புச் சுவர்மேல் ஏறி ஆட்டினார்கள். தூரத்தில் தெமிஸின் படகு திரும்பியது. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அந்த ஈரக் கன்னங்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடினேன். என்னென்னமோ வேண்டிக்கொண்டே ஓடினேன். காலுக்குச் சிறகு முளைக்கும் என்பது பொய்யில்லை.

பெட்டிக்கடை ஸ்டெர்கோஸ் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். சுருட்டை முடி, கறுத்த முழங்கால்.

"படகுப் பட்டறைகிட்டத் தனியா நின்னுட்டிருந்தான். இந்தா, புடிச்சுக்கோ உன் சொத்தை!"

பிள்ளை திரும்பினான். வாயோரம் தேன்.

செவஸ்தி மகன். நாற்காலியில் உட்காரவைத்தவன், தம்பியைத் தேடித் தானும் கிளம்பி வந்திருக்கிறான்.

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்றால், நீ ஏன்டா கிடைத்தாய் என்று தோன்றியது. நீ போய் அவன் வந்திருக்கக் கூடாதா. அங்கே தண்ணீரில் கிடப்பது நீயாக இருக்கக் கூடாதா. ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து, என் வீட்டுக்காரர் தம்பி ரத்தத்தைப் பார்த்து. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. ஸ்டெர்கோஸின் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளை அவர் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்தபோது செவஸ்தி அவருக்குப் பின்னால் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் இல்ல!" என்று அலறினேன். "இவன் இல்ல! மணியை ஏன் நிறுத்தினீங்க? என் புள்ள இல்ல இது!"

"பாண்டெலின்னுதானேம்மா சொன்னீங்க..." என்றான் அந்த இளம் காவலன்.

"எந்தப் பாண்டெலின்னு கேக்க வேண்டாமா?" என்று யாரோ அவனைத் திட்டினார்கள். அவன் என்ன செய்வான்? எந்தப் பாண்டெலி என்று நான் எவனுக்குச் சொன்னேன்?

தெமிஸின் படகு துறைக்குள் வந்துகொண்டிருந்தது. தேடுவதற்குக் கையிலிருந்த நேரமெல்லாம் வீணாய்ப் போயிற்று. நான் பிள்ளையின் காலைப் பிடித்து உலுக்கினேன்.

"பட்டறைக்கு எதுக்குடா போனே? அவன் அங்கதான் இருக்கானா? சொல்லித் தொலைடா!"

அவன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். செவஸ்தி என் கையைப் பிடித்து விலக்கினாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தள்ளி நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அவன் வாயத் திறக்க மாட்டான்."

"என் புள்ள..."

"தெரியும். அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். வலைக் கிடங்கின் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் யார் சொல்லியும் வாயை மூடாதவள், வாயில் முந்தானையை அடைக்கிற மாதிரிக் கையை வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவள் குரல் மட்டும் கேட்டது.

"கண்ணு, அம்மாகிட்டச் சொல்லு. யாரும் அடிக்க மாட்டாங்க."

"பெரியம்மா கையை ஒடிச்சு அடுப்புல வெப்பாங்க."

"வெக்க மாட்டாங்க. அம்மா இருக்கேன்ல. பட்டறையில என்ன இருக்கு?"

தெமிஸின் மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. காற்றில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லுடா ராஜா, சொல்லுடா தங்கம் என்று நான் சுவரிடம் கெஞ்சினேன். சற்று முன்னால் செத்தால் தேவலை என்று நினைத்த அதே பிள்ளையிடம்.

"நீலப் படகு" என்றான் கடைசியில். "எல்லாரும் தூங்கும்போது அதுல உக்காந்து நண்டு புடிக்கலாம்னு சொன்னேன். நான் தூங்கிட்டேன்மா. இப்போ போய்ப் பாத்தேன். அவனும் இல்ல, படகும் இல்ல."

பட்டறை ஆகஸ்டுக்கு மூடிக் கிடந்தது. பின்பக்கத்தில் துடுப்பில்லாத ஒரு நீலப் படகை இற்றுப்போன கயிற்றில் கட்டிப் போட்டிருப்பார்கள், எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே ஓடித் தெமிஸின் படகில் குதித்தேன்.

"அண்ணி, நீங்க வேண்டாம், அலை..."

"ஓட்டுடா!"

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கிப் போட்டது. மேற்கே வெயில் தாழ்ந்து தண்ணீரெல்லாம் பளபளத்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. நுரை தெரிந்த இடமெல்லாம் படகாகத் தெரிந்தது. தெமிஸ் காற்றைப் பார்த்து, ஆடுகள் மேயும் குட்டித் தீவுக்கு நேராக விட்டான். அவன் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இப்படிப் பக்தியாக அவனை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். நீலமாக ஏதோ ஒன்று ஏறியது, மறைந்தது, ஏறியது.

"அங்க! தெமிஸ், அங்க!"

நெருங்கினோம். படகு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் நிற்கவில்லை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஓரத்தில் வலையின் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தெமிஸ் மோட்டாரைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? கூப்பிடாமல் இருக்கிற வரை அவன் இருக்கிறான் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு.

தெமிஸ் கொக்கியால் படகை இழுத்தான். நான் எட்டிப் பார்த்தேன். அடியில், பலகைக்குக் கீழே, முழங்கால் வயிற்றில் முட்ட, தேங்கின தண்ணீரில் சுருண்டு கிடந்தான். வாந்தியெடுத்திருந்தான். உதடு நீலம். தொட்டேன். சூடு இருந்தது.

"அம்மா" என்றான்.

எப்படித் தாவினேன், எப்படித் தூக்கினேன் தெரியாது. தெமிஸ் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். நான் அழுதேன், திட்டினேன், முத்தம் கொடுத்தேன், மறுபடி திட்டினேன். பிள்ளை என் கழுத்தில் கன்னத்தை வைத்தபடியே தெமிஸைக் கோபமாகப் பார்த்தான்.

"சித்தப்பா, நான் கையை ஆட்டினேன். நீங்க வந்தீங்க, அப்புறம் திரும்பிப் போயிட்டீங்க. நான் நின்னு நின்னு ஆட்டினேன். அப்புறம் வாந்தி வந்துச்சு."

தெமிஸ் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

துறையில் மறுபடி மணியடித்தார்கள். கைதட்டினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மீன்கடைப் படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். செவஸ்தி துண்டோடு வந்து குனிந்து அவன் தலையைத் துவட்டினாள். அழுத்தி, கவனமாக, காது மடலுக்குப் பின்னால்கூட விடாமல் துவட்டினாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம்புள்ளைய ஒரு பார்வை பாத்தீங்களேக்கா."

நான் பிள்ளையின் காலைச் சட்டைக்குள் இழுத்து மூடினேன்.

"உங்க இடத்துல நான் நின்னிருந்தா, உங்க புள்ளைய நானும் அப்படித்தான் பாத்திருப்பேன். எனக்குத் தெரியாதா? அதனாலதான் சண்டைக்கு வரல." துண்டை மடித்து என் தோளில் போட்டாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு அவன் கண்ணுல படாதீங்க. நான் மட்டும் பாக்கல. அவனும் பாத்துட்டான்."

அவன் தெமிஸின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது. அவனை இழுத்து அணைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு தவிப்பு. கையை நீட்டினேன்.

"பாண்டெலி" என்று கூப்பிட்டேன்.

"என்னம்மா?" என்றான் மடியிலிருந்தவன்.

தெமிஸின் காலுக்குப் பின்னால் அந்த ஒற்றைக் கண்ணும் மறைந்தது.